சங்ககிரி கோட்டை ஏறுகிறவர்களுக்கு

சங்ககிரி போகிறவர்கள் முதலில் சேலம் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களை, அதாவது சண்டையில் செத்த வீரர்களுக்கு நட்ட கற்களை, பார்த்துவிடுவது நல்லது. கோட்டையில் எதைத் தேட வேண்டும் என்பது அப்போதுதான் பிடிபடும். நடுகல்லில் வீரன் வில்லோடோ வாளோடோ நிற்பான். சிலவற்றில் உடம்பில் அம்பு தைத்திருக்கும். பழைய கற்களில் வட்டெழுத்து என்ற பழந்தமிழ் எழுத்தில் சில வரிகள் இருக்கும்: எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், அவன் பெயர் என்ன, தொறு (மாட்டு மந்தை) மீட்கப் போய்ப் 'பட்டான்', அதாவது செத்தான். எழுத்து ஆழமில்லாமல் வெட்டியது, நேர்வெளிச்சத்தில் தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் வெட்டில் நிழல் விழும், படிக்கலாம். கிராமத்தில் பார்க்கும் கற்களில் எண்ணெயும் தூசியும் எழுத்தை அடைத்திருக்கும். எடுப்பாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ் தேய்க்காதீர்கள்.

மாடு மீட்கப் போய்ச் செத்த சாதாரணச் சேவகனுக்கும் ஒரு பெயர் மிஞ்சியது. சங்ககிரியில் அப்படிப்பட்ட சாதாரண ஆட்களின் பெயர்கள் கிடைப்பதில்லை.

சேலத்திலிருந்து சங்ககிரி ஏறக்குறைய 40 கி.மீ. ஈரோடு பஸ் எல்லாம் அந்த வழிதான். காலை ஏழு மணிக்குள் படி ஏறத் தொடங்கிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் பாறை சுடும், நிழல் குறைவு. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கட்டாயம். மேலே கடை கிடையாது. மழை பெய்த மறுநாள் வேண்டாம். தேய்ந்த படியில் பாசி பிடித்திருக்கும், ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வழுக்கும்.

மலையின் ஒரு பக்கம்தான் ஏறக்கூடியது, மற்றவை செங்குத்து. அந்த ஒரே பக்கத்தை அடுக்கடுக்காக மதில் எழுப்பி மறித்திருக்கிறார்கள். விஜயநகர் காலத்துக் கோட்டை, பிறகு மைசூரார் கைக்குப் போனது. 1768-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனிப் படை சேலம் வட்டாரக் கோட்டைகளைப் பிடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மைசூரை ஆண்ட ஹைதர் அலி பெரும்பாலானவற்றை மீட்டார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலம், பாராமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம்) இரண்டையும் ஹைதரின் மகன் திப்பு சுல்தான் கும்பெனிக்கு விட்டுக்கொடுத்தார்.

எல்லாரும் வாசலிலும் மதிலிலும் நின்று படம் எடுக்கிறார்கள். சுனையையும் தானியக் கிடங்கையும் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். மலைக்கோட்டை முற்றுகையில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பதை அவைதான் தீர்மானிக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 பேர் உள்ளே இருந்தால், ஆளுக்கு 5 லிட்டர் வீதம் நாளுக்கு 2,500 லிட்டர் தண்ணீர். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள சுனை நிறைந்திருந்தாலும் 30 நாளில் வற்றிவிடும், வெயிலில் ஆவியாவதைச் சேர்க்காமலே. ஆளுக்கு ஒரு கிலோ தானியம் என்றால் மாதத்துக்கு 15 டன். தலைக்கு 30 கிலோ வீதம் சுமந்தால் 500 நடை. இதே படிகளில்! வெறுங்கையோடு ஏறும்போதே மூச்சு வாங்குகிறது. அந்த மூட்டைகளைச் சுமந்தவர்களை எந்தக் கணக்கில் எழுதினார்கள்? கோட்டை கை மாறிய ஒவ்வொரு முறையும் கிடங்கை நிரப்பும் பாரம் கீழே உள்ள கிராமங்கள் மேல்தான் விழுந்திருக்கும்.

தீரன் சின்னமலையை 1805 ஜூலை 31 அன்று தூக்கிலிட்டது இந்தக் கோட்டையில்தான். காவிரிக்கரை (1801), ஓடாநிலை (1802), அரச்சலூர் (1804) என்று கும்பெனிப் படையை எதிர்த்து நின்றவர். பெரியதம்பி, கிலேதார் என்ற உடன்பிறந்தவர்கள் இருவரும், படைத்தலைவர் கருப்பசேர்வையும் அவரோடு தூக்கிலிடப்பட்டார்கள். அவர் தூக்கிலிடப்பட்ட நாளான ஆடிப் பதினெட்டு அன்று மரியாதை செலுத்தப் பெருங்கூட்டம் வரும். ஆடி 18 இப்போது ஆகஸ்ட் 2 அல்லது 3-ல் வருகிறதே, ஜூலை 31 எப்படி என்று பலர் கேட்பதுண்டு. நம் சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சற்று நீளம். 200 ஆண்டுகளில் ஏறக்குறைய 3 நாள் தள்ளிப்போகும். இரண்டும் ஒரே நாள்தான்.

அந்த மரியாதை முழுக்க அவருக்கு உரியது. ஆனால் அந்த மூன்று சண்டைகளிலும் அவர் பின்னால் நின்று செத்தவர்களுக்கு இங்கே ஒரு கல்கூட இல்லை. கும்பெனிக்காகச் சண்டையிட்ட நம்மூர்ச் சிப்பாய்களுக்கும் இல்லை. கோட்டைக்குள் ஆங்கிலேயர் கல்லறைகள் மட்டும் இருக்கின்றன.

ஆடிப் பதினெட்டில் மாலை போட வருகிறவர்கள் அன்றைக்கே மலை ஏறத் திட்டமிட வேண்டாம். கூட்டமும் போக்குவரத்து மாற்றமும் நேரத்தைத் தின்றுவிடும். கோட்டைக்கு வேறொரு நாள் ஒதுக்குங்கள். ஈரோடு பக்கம் போகிறவர்கள் ஓடாநிலையில் உள்ள சின்னமலை மணிமண்டபத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.