கேஸ் மாத்திரை ஒன்னு குடுங்கண்ணே

மருந்தாளுநர் பட்டயப் படிப்பான டி.பார்ம் பாடத்தில் இரைப்பைப் புண் மருந்துகள் ஒரே மாலையில் படித்து முடித்துவிடக்கூடிய பகுதி. அமிலத்தை முறிப்பவை, அமிலம் சுரப்பதைக் குறைப்பவை, புண்ணின் மேல் பூச்சாகப் படிபவை, கிருமியைக் கொல்பவை. வகைக்கு நாலைந்து பெயர், அவ்வளவுதான். ஆனால் 500 மணி நேரப் பயிற்சிக்கு மருந்துக் கடைக் கவுண்டரில் போய் நின்றால் அங்கே யாரும் வகை சொல்லிக் கேட்பதில்லை. "கேஸ் மாத்திரை ஒன்னு குடுங்கண்ணே" என்பார்கள். அந்தக் 'கேஸ்' நெஞ்செரிச்சலாக இருக்கலாம், எதுக்களிப்பாக, வயிற்று உப்பசமாக, நிஜமான அல்சராகவும் இருக்கலாம். அபூர்வமாக மாரடைப்பாகவே இருக்கும்.

முதலில் பெயர்கள். 'ப்ரசோல்' என்று முடிந்தால் அமிலப் பம்பை அடைக்கும் மருந்து: ஓமெப்ரசோல் 20 மி.கி., பான்டோப்ரசோல் 40, ரபெப்ரசோல் 20, எசோமெப்ரசோல் 40, லான்சோப்ரசோல் 30. 'டிடின்' என்று முடிந்தால் எச்2 தடுப்பான், அதாவது அமிலம் சுரக்கத் தூண்டும் சைகையை மறிப்பது: ரானிடிடின் 150, ஃபமோடிடின் 20 அல்லது 40. இந்த வால்பிடி உத்தி நல்லதுதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் கவிழ்த்துவிடும். அரிபிப்ரசோலும் 'ப்ரசோல்' என்றுதான் முடிகிறது. அது மனநோய் மருந்து. அவசரத்தில் கிறுக்கிய சீட்டில் அதையும் ரபெப்ரசோலையும் பிரித்தறிய எழுத்தை மட்டும் நம்ப முடியாது; இரண்டிலும் 20 மி.கி. உண்டு என்பதால் மில்லிகிராமும் எப்போதும் கைகொடுக்காது. ஓமெப்ரசோல் அமெரிக்காவுக்கு 'லோசெக்' என்ற பெயரில் போனபோது, சிறுநீர் பிரிய வைக்கும் 'லேசிக்ஸ்' மருந்தோடு குழம்புகிறது என்று 1990இல் பெயரையே 'ப்ரைலோசெக்' என்று மாற்ற வேண்டியதாயிற்று. நம் ஊரில் குழப்பம் வேறு மாதிரி. 'பான்' என்று கேட்பவருக்கு வேண்டியது பான்டோப்ரசோல் மட்டுமா, டோம்பெரிடோன் 30 மி.கி. சேர்ந்த 'பான்-டி'யா? டோம்பெரிடோன் இதயத் துடிப்பின் தாளத்தைப் பாதிக்கக்கூடியது. இதய நோயாளிக்கு "ரெண்டும் ஒன்னுதான்" என்று எடுத்துக் கொடுக்க அது அதே மாத்திரை இல்லை.

பெயர் ஒரு வாரத்தில் பழகிவிடும். நேரம் பழகத்தான் நாளாகும். இந்த வகையில் ஒவ்வொரு மருந்துக்கும் சோற்றோடு தனிக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கு தவறினால் சரியான மருந்தே வேலை செய்யாத மருந்தாகிவிடும்.

பான்டோப்ரசோலையே எடுத்துக்கொள்வோம். இரைப்பைச் சுவர் செல்களில் அமிலத்தை வெளியே தள்ளும் பம்புகள் இருக்கின்றன. வெறும் வயிற்றில் பெரும்பாலான பம்புகள் சும்மா கிடக்கும்; சாப்பாடு உள்ளே போனதும் ஓடத் தொடங்கும். மருந்து அடைப்பது ஓடுகிற பம்பை மட்டும். அதேசமயம் ரத்தத்தில் அதன் அரை ஆயுள் (அளவு பாதியாகக் குறையும் நேரம்) ஒன்று முதல் இரண்டு மணி நேரம்தான். ஆகவே பம்பு விழிக்கும் வேளையில் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு என்று சொல்வது இதற்காகத்தான். அடைபட்ட பம்பு மீள்வதில்லை, புதிதாக உருவாக வேண்டும். அதனால் ஒரு வேளை மாத்திரை ஒரு நாள் தாங்குகிறது. ஆனால் முதல் நாளிலேயே எல்லாப் பம்பும் சிக்குவதில்லை. முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். "நேத்து ஒன்னு போட்டேன், கேக்கவே இல்ல, வேற குடுங்க" என்பவருக்கு வேறு பிராண்டை நீட்டுவதில் பயன் இல்லை. எப்போது போட்டார் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் இட்லி சாப்பிட்டு எரிச்சல் வந்த பிறகு போட்டிருப்பார்கள்.

சீட்டில் இந்த நேரம் ஒரே எழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். 'ஏசி' என்றால் உணவுக்கு முன், 'பிசி' என்றால் பின். வளைந்து கிடக்கும் அந்த முதல் எழுத்தில் சந்தேகம் வந்தால் பார்மசிஸ்டிடம் காட்டுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கவரில் வெறும் 1-0-0 என்று எழுதுவதும் போதாது. "காலை, சாப்பிட ½ மணி முன்" என்று தமிழில் எழுதிக் கொடுத்தால்தான் வீட்டில் இருப்பவர்களுக்கும் புரியும்.

ஓமெப்ரசோல் கேப்ஸ்யூலை ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்ல பாடம். உள்ளே தூள் இருக்காது. கடுகைவிடச் சிறிய வெள்ளை உருண்டைகள் இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் அமிலம் கரைக்காத பூச்சு. அமிலத்தை அடக்க வந்த மருந்தே அமிலம் பட்டால் கெட்டுப்போகும் என்பதால் அந்தக் கவசம். குழந்தைக்கோ முதியவருக்கோ விழுங்க முடியாவிட்டால் கேப்ஸ்யூலைத் திறந்து உருண்டைகளை ஆப்பிள் ஜூஸ் போலப் புளிப்பான ஒன்றில் கலந்து மெல்லாமல் விழுங்க வைக்கலாம். உரலில் இட்டு நுணுக்கினால் கவசம் போயிற்று, மருந்தும் போயிற்று. பான்டோப்ரசோல் மாத்திரையையும் உடைக்கக் கூடாது. ஈரமும் ஓமெப்ரசோலுக்கு எதிரி. அட்டையிலிருந்து பிதுக்கிக் காகிதக் கவரில் போட்டு, அது குளியலறை அலமாரியில் மழைக்காலம் முழுக்கக் கிடந்தால் உருண்டைகள் பழுப்பாகிவிடும். அட்டையோடு வெட்டிக் கொடுங்கள். வெட்டும்போது காலாவதித் தேதி இருக்கும் பக்கம் கடையில் தங்கட்டும்.

எச்2 தடுப்பான்கள் சீக்கிரம் வேலை செய்யும், இரவு அமிலத்துக்குக் கேட்கும். ஆனால் தினமும் போட்டால் ஓரிரு வாரத்தில் உடல் பழகிப் பலன் குறையும். ரானிடிடினில், புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் என்.டி.எம்.ஏ. என்ற மாசு 2019இல் தெரியவந்தது. அமெரிக்கா 2020 ஏப்ரலில் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. நம் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் 2022இல் அது நீக்கப்பட்டது. ஆனாலும் "ரான்டாக் ஒரு அட்டை" என்று பெயர் சொல்லி வாங்கும் பழக்கம் போகவில்லை.

அமில முறிப்பான் சிரப் எளிய மருந்து என்று தோன்றும். அலுமினியம் மலத்தைக் கட்டும், மெக்னீசியம் இளக்கும். இரண்டையும் சேர்த்திருப்பது சமன் செய்யத்தான். உண்மையான சிக்கல், அது மற்ற மருந்துகளைக் கவ்விப் பிடித்துக்கொள்வது. சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் ஆகிய ஆன்டிபயாடிக்குகள், இரும்புச்சத்து மாத்திரை இவற்றோடு சேர்ந்தால் அவை ரத்தத்துக்குப் போகாமல் வெளியே போய்விடும்.

இந்தக் கவ்வும் குணம் சுக்ரால்ஃபேட்டில் இன்னும் அதிகம். அது அமிலத்தில்தான் பசைபோலாகிப் புண்ணில் ஒட்டும், அதனால் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். இங்கே கிடைக்கும் பல சிரப்புகளில் ஆக்ஸிடகெய்ன் என்ற மரத்துப்போக வைக்கும் மருந்தும் சேர்ந்திருக்கும். "நாக்கு கொஞ்ச நேரம் மரத்தாப்ல இருக்கும்மா, பயப்படாதீங்க" என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் மறுநாள் பாட்டில் திரும்பி வராது. குலுக்காமல் குடித்தால் மேலே தண்ணீர், அடியில் மருந்து. மூடியில் உள்ள அளவுக் கோட்டைக் காட்டிக் கொடுக்க வேண்டும். வீட்டுக் கரண்டி ஆளுக்கு ஒரு அளவு.

இப்போது ஒரு சீட்டு. தைராய்டுக்கு லெவோதைராக்சின், பான்டோப்ரசோல் 40, சுக்ரால்ஃபேட் 10 மி.லி. மூன்று வேளை. மூன்றும் 'வெறும் வயிற்றில்'. அந்த அம்மா காலை ஆறு மணிக்கு மூன்றையும் ஒன்றாகப் போட்டால் சுக்ரால்ஃபேட் தைராய்டு மாத்திரையைக் கவ்விக்கொள்ளும். இரண்டுக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பார்மசிஸ்டைக் கேட்டு, தேவைப்பட்டால் டாக்டருக்குப் போன் போட்டு, இப்படி எழுதிக் கொடுக்கலாம்: 6 மணி தைராய்டு மாத்திரை தண்ணீரோடு, 7 மணி பான்டோப்ரசோல், 7.45 சாப்பாடு, 12 மணி சிரப், 1 மணி சாப்பாடு, இரவு 7 மணி சிரப், 8 மணி சாப்பாடு, 10.30க்குப் படுக்கும் முன் சிரப். மூன்று வேளை அப்படியே இருக்கிறது, காலை வேளை மட்டும் படுக்கைக்கு நகர்ந்திருக்கிறது. பான்டோப்ரசோல் விஷயம் வேறு. அமிலம் குறைவதாலேயே லெவோதைராக்சின் உறிஞ்சப்படுவது குறையும் என்பதால் இடைவெளி விட்டாலும் முழுதாகத் தீராது. மாதக்கணக்கில் போடுவதாக இருந்தால் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்வார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடாததால் அல்சர் வந்தது என்பதுதான் நம்மிடம் வாங்க வருகிற பெரும்பாலோரின் நம்பிக்கை. மிளகாய்க்கும் பழி உண்டு. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரு மருத்துவர்கள் அல்சருக்குக் காரணமான எச். பைலோரி கிருமியை வளர்த்துக் காட்டும்வரை மருத்துவ உலகமும் ஏறக்குறைய அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. மார்ஷல் 1984இல் கிருமிக் கரைசலைத் தானே குடித்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. அந்தக் கிருமிக்கான கிட்டில் வழக்கமாக ஒரு அட்டை ஒரு நாளைக்கு: அமிலம் குறைக்கும் மருந்து ஒன்று, ஆன்டிபயாடிக் இரண்டு, காலை ஒரு வரிசை, இரவு ஒரு வரிசை. எல்லாக் கிட்டும் ஒன்றல்ல. சிலவற்றில் அமாக்சிசிலின், சிலவற்றில் டினிடசோல். அட்டையைத் திருப்பிப் படிக்காமல் கொடுக்கக் கூடாது. அமாக்சிசிலின் பென்சிலின் வகை, அது இருந்தால் பென்சிலின் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்க வேண்டும். டினிடசோல், மெட்ரோனிடசோல் இருந்தால் மது கூடாது. கிட்டில் வரும் இன்னொரு ஆன்டிபயாடிக்கான கிளாரித்ரோமைசின் வாயைக் கசக்க வைக்கும். கொலஸ்ட்ரால் மருந்தான சிம்வாஸ்டாடினோடு சேரவே கூடாது. 14 நாளுக்கு எழுதியிருந்தால் 14 அட்டை. விலை அதிகம் என்பதால் "இப்போதைக்கு மூணு அட்டை குடுங்க" என்பார்கள். சரியானதும் நிறுத்திவிடுவார்கள், கிருமி பாதி செத்துப் பாதி பழகிவிடும். பிறகு அதே ஆன்டிபயாடிக் கேட்காது. கிருமி போய்விட்டதா என்று சோதிக்கப் போகும்போது ஆன்டிபயாடிக் முடிந்து நான்கு வாரமாவது, 'ப்ரசோல்' நிறுத்தி இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இருக்கும் கிருமியும் இல்லை என்று வரும்.

அல்சருக்கு அடுத்த பெரிய காரணம் நம் கடையிலேயே விற்கிறது. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், தினசரி ஆஸ்பிரின் 75. முட்டிவலிக்கு ஒன்று, அது கிளப்பும் எரிச்சலுக்கு ஒன்று என்று இரண்டையும் சேர்த்தே கேட்பார்கள். இரண்டாவது மாத்திரை ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது. இதயத்துக்கு, ரத்தக்கட்டைத் தடுக்கும் க்ளோபிடோக்ரெல் போடுபவர் என்றால் ஓமெப்ரசோல், எசோமெப்ரசோல் வேண்டாம். கல்லீரலில் க்ளோபிடோக்ரெல்லைச் செயல்பட வைக்கும் நொதியை இவை மந்தமாக்குகின்றன. பான்டோப்ரசோலுக்கு அந்தத் தொல்லை குறைவு. மிசோப்ரோஸ்டால் அல்சரைத் தடுக்கும் மருந்துதான், ஆனால் கருவைக் கலைக்கும். சீட்டு இல்லாமல் அதற்கு அலமாரி திறக்கவே கூடாது.

மலம் கறுப்பாகப் போகிறது என்று யாராவது சொன்னால் கை நிற்க வேண்டும். பிஸ்மத் என்ற வயிற்று மருந்து போட்டாலும் கறுக்கும், இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும். "சத்து மாத்திரை ஏதாவது போடுறீங்களா அண்ணே?" என்று கேளுங்கள். இல்லை என்றால், அதுவும் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு கடும் நாற்றம் என்றால், உள்ளே ரத்தம் கசிகிறது. காபித்தூள் போல வாந்தி, காரணமில்லாமல் உடல் மெலிவது, விழுங்கும்போது அடைப்பது, வியர்வையோடு இடது கைக்குப் பரவும் 'கேஸ்' எதுவானாலும் இப்படியே கை நிற்க வேண்டும். அந்த நேரத்தில் கவுண்டரிலிருந்து கொடுக்க வேண்டியது மாத்திரை அல்ல. ஆட்டோ பிடிக்க ஒரு ஆளும், இதுவரை என்னென்ன போட்டார் என்று எழுதிய துண்டுச் சீட்டும்.