அரை நிமிஷத்துக்கு எத்தனை 'டக்'?

கோச்சியில், அதாவது ரயிலில், போகும்போது வேகத்தைக் கண்டுபிடிக்க அப்பா ஒரு வழி சொல்லித் தந்திருந்தார். தண்டவாளத் துண்டு ஒன்று 45 அடி என்று வைத்துக்கொள். இரண்டு துண்டுகள் சேரும் பொருத்தில் சில்லு ஏறி இறங்கும்போது ஒரு 'டக்' கேட்கும். மணிக்கூட்டைப் பார்த்து அரை நிமிஷத்துக்கு எத்தனை டக் என்று எண்ணு. முப்பது டக் என்றால் மணிக்கு முப்பது மைல். கணக்குப் போட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்ட சரியாகத்தான் வருகிறது.

2025இல் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் விடியமுதல் ஓட்டோ பிடித்துக் கோட்டை ஸ்டேஷனுக்குப் போனால், மேடையில் பாதி யாழ்ப்பாணம் நின்றது. பெட்டிகள், பைகள், நித்திரைத் தூக்கத்தில் சிணுங்கும் பிள்ளைகள். எனக்கு இரண்டாம் வகுப்பில் யன்னலோரம் கிடைத்திருந்தது, அது நல்லூரான் செயல்.

பொல்காவலையில் கண்டிப் பாதை பிரிந்துபோக, எங்கள் பாதை ஒற்றையாகி வடக்கே திரும்புகிறது. குருணாகலுக்குப் பிறகு வடைக்காரர் வந்தார். அவர் சுற்றித் தந்த தாள் யாரோ ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பி. சிவப்புப் பேனையால் மூன்று சரி, ஒரு பிழை. எண்ணெய் ஊறி அந்தப் பிழை மட்டும் மறைந்துபோனது. இந்தப் பகுதியில் பல இடங்களில் டக் இன்னும் கேட்கிறது. நான் எண்ணியதில் ஒருமுறை இருபத்தெட்டு, இன்னொருமுறை முப்பத்தொன்று.

மாகோவில் மட்டக்களப்புப் பாதை பிரிகிறது. முன்பெல்லாம் அங்கிருந்து ஓமந்தை வரை 128 கிலோமீட்டர் ஒரு தாலாட்டு. தேத்தண்ணியைப் பாதிக் கோப்பைக்கு மேல் வாங்கக்கூடாது என்பது அனுபவம். தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகள் தேய்ந்து, கருங்கல் சல்லிக்குள் மண் ஏறிவிட்டால் மழைத் தண்ணீர் வடிய இடமில்லை. பாரம் ஏறும் ஒவ்வொரு முறையும் கட்டை சேற்றுக்குள் அமுங்கும், பெட்டி ஒரு பக்கம் சாயும். அப்புறம் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்காமல் என்ன செய்வார்?

இதில் ஒரு வேடிக்கை இருந்தது. ஆடிக்கொண்டே வரும் ரயில் ஓமந்தையைத் தாண்டியதும் எண்ணெய் போட்டதுபோல வழுக்கத் தொடங்கும். காரணம் வேடிக்கையானதல்ல. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றபின், வன்னியிலும் குடாநாட்டிலும் தண்டவாளமும் கட்டையும் பங்கர் என்ற பதுங்குகுழி கட்டப் போய்விட்டன. எங்கள் வளவுப் பங்கரின் கூரையிலும் நாலு சிலிப்பர் கட்டை இருந்தது. அதற்குள் படுத்திருந்து மேலே பார்த்தால் ஆணி அறைந்த ஓட்டைகள் தெரியும். அவற்றுக்குள் ஈர்க்குச்சி விட்டு விளையாடுவதுதான் ஷெல் விழும் நேரத்தில் எனக்கும் தங்கச்சிக்கும் பொழுதுபோக்கு.

போர் முடிந்தபோது திருத்துவதற்கு அங்கே எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே அடியிலிருந்தே கட்டினார்கள். இந்தியக் கடனில், இந்திய அரசின் இர்கோன் நிறுவனம் ஓமந்தையிலிருந்து பளைக்கு 90 கிலோமீட்டர், பளையிலிருந்து காங்கேசன்துறைக்கு 56 கிலோமீட்டர் போட்டது. 2014 அக்டோபர் 13 அன்று யாழ்ப்பாணம் ஸ்டேஷனில் மறுபடி ரயில் நின்றது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. அழிந்த பாதை புதிதாகிவிட, தப்பிப் பிழைத்த மாகோ–ஓமந்தைப் பாதை பழசாகவே கிடந்தது.

அதன் முறை வந்தது 2023 ஜனவரியில். முதலில் அனுராதபுரத்துக்கு வடக்கே மூடினார்கள், அடுத்த வருஷம் தெற்கே மாகோ வரை. அதையும் இர்கோன்தான் செய்தது. இந்திய உதவி 91.27 மில்லியன் டொலர். இரண்டு வருஷமும் நான் இரவு பஸ்ஸில் போய் வந்தேன். ஒரு பஸ்ஸில் விடிய விடிய ஏசி நிறுத்தவே முடியாதென்று நடத்துநர் கையை விரித்துவிட்டார், சாரத்தைப் போர்த்திக்கொண்டு கிளிநொச்சியில் கண்விழித்தேன். அதைப் பற்றி மேலும் பேச விருப்பமில்லை. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் மோடியும் இலங்கை ஜனாதிபதி அனுரகுமார திசாநாயக்கவும் அனுராதபுரத்தில் நின்று பாதையைத் திறந்துவைத்தார்கள்.

சரி, மாகோ தாண்டியதும் மணிக்கூட்டைப் பார்த்தபடி காதைத் தீட்டினேன். அரை நிமிஷம். ஒன்றும் இல்லை. இன்னொரு அரை நிமிஷம். ஒரே சீரான இரைச்சல் மட்டும்.

"என்ன தம்பி, மணிக்கூட்டையே பாக்கிறீங்கள்?" என்றார் பக்கத்திலிருந்த ஐயா.

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். "உதுக்கு இப்ப ஒட்டுப் போட்டிட்டாங்கள் எல்லே. எண்ண ஒண்டும் கிடையாது."

அவர் சொன்னதுதான் விஷயம். வெயிலில் தண்டவாளம் நீளும், அதற்கு இடம் விடத்தான் பொருத்துகளில் இடைவெளி. இப்போது துண்டுகளை உருக்கி ஒட்டி நீளமாக்கிவிடுகிறார்கள். அப்படியானால் நீளுவது எங்கே போகும்? போக விடுவதில்லை. கொங்கிறீட் கட்டையின் பாரமும், கட்டையின் இரு தலைப்பிலும் குவித்த சல்லியும் அதை அசையாமல் பிடித்துக்கொள்கின்றன. எதிர் ரயிலுக்கு வழிவிட ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றபோது வாசல்படியிலிருந்து குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு கட்டையிலும் தண்டவாளத்தின் அடியைக் கவ்விக்கொண்டு, விரல் தடிப்பில் வளைந்த இரும்புக் கிளிப்புகள். பழைய ஆணி போல இவை ஆடி ஆடிக் கழருவதில்லை. சல்லி இன்னும் நீலச் சாம்பல் நிறத்தில், ஒரு புல்கூட முளைக்காமல் கிடந்தது.

அந்த ஸ்டேஷனில் இருபது நிமிஷம் நின்றோம். என்னைக் கேட்டால் இனி இந்தப் பயணத்தில் நேரத்தைத் தின்பது தண்டவாளம் அல்ல, இந்தக் காத்திருப்புத்தான். எவ்வளவு நல்ல பாதையானாலும் ஒற்றைப் பாதையில் ஒருவர் ஒதுங்கினால்தான் மற்றவர் வரலாம்.

மதவாச்சி, வவுனியா. ஓமந்தை வந்தது தெரியவே இல்லை. முன்பு ஆட்டம் நின்றால் ஓமந்தை என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். ஆனையிறவில் இரு பக்கமும் நீர் விரிந்தபோது பெட்டியே எழுந்து யன்னலுக்கு வந்தது. ஐயா கொடிகாமத்தில் இறங்கினார்.

சாவகச்சேரியில் வீட்டுக்குள் காலை வைக்கமுதலே அப்பா கேட்டார்: "எத்தனை மைல் ஓடினவன்?"

"எண்ண ஏலாது அப்பா. டக் இல்லை. போனில பாத்தன்."

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாதையோரம் மைல் கட்டை இருக்குத்தானே?"

"இப்ப கிலோமீட்டர் கட்டை."

"இருக்கட்டும். கட்டைக்குக் கட்டை எத்தனை செக்கன் எண்டு பிடி. 3600ஐ அதால பிரி."

திரும்பி வரும்போது மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் பிடித்தேன். 41 செக்கன். போனும் 88 என்றுதான் காட்டியது.