பெட்டிக்குள்ளே பெரிய அறை

மார்த்தாண்டத்தில் ரெண்டு நாளாக மழை, ரப்பர் பால்வெட்டு இல்லை. கட்டன் சாயாவோடு டாக்டர் ஹூ என்ற பிபிசி காலப்பயணத் தொடரின் பழைய எபிசோடுகளைப் போட்டுவிட்டேன். 1963 நவம்பர் 23இல் வந்த முதல் எபிசோடு. பழைய சாமான் கிடங்கில் ஒரு போலீஸ் பெட்டி, அதாவது போலீஸுக்குப் போன் பண்ண அந்த ஊர்த் தெருக்களில் வைத்திருந்த ஆளுயரக் கூண்டு. தொட்டால் லேசாக அதிர்கிறது. உள்ளே போனால் பெட்டியைவிடப் பெரிய அறை! டாக்டராக நடிக்கும் வில்லியம் ஹார்ட்னெல் சிடுசிடுவென்று நிற்கிறார், அசல் எங்கள் தாத்தாதான். இன்றைய கிராஃபிக்ஸில் எனக்கு அந்தத் திகில் இல்லை.

அந்தக் காலத்து டேப்புகள் பலவற்றை பிபிசியே அழித்துவிட்டதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ரசிகர்கள் வீட்டில் டேப்பில் பிடித்து வைத்ததால் ஒலியாவது மிஞ்சியது.

தம்பி எட்டிப் பார்த்து, “அண்ணே, இதுக்கு கலரே கெடையாதா?” என்றான்.

“சும்மா இருந்து பாருல மக்கா.”