அப்பாவின் புராஸ்டேட் புற்றுநோய்: சிகிச்சையை எப்படித் தேர்ந்தெடுத்தோம்

அப்பாவுக்கு 69 வயது. ராத்திரியில் நாலைந்து முறை எழுந்து பாத்ரூம் போவார். சர்க்கரை இருப்பதால் அதனால்தான் என்று இரண்டு வருஷம் விட்டுவிட்டோம். கடைசியில் சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டர்தான் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பிதான் புராஸ்டேட், அதிலிருந்து ரத்தத்தில் கலக்கும் புரதம்தான் பிஎஸ்ஏ. 31 வந்தது. எம்ஆர்ஐ எடுத்தோம், அப்புறம் சுரப்பியிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி. ரிப்போர்ட்டில் 'கிளீசன் 4+4=8' என்றிருந்தது. புற்றுநோய் எவ்வளவு தீவிரமானது என்று காட்டும் மதிப்பெண் அது.

பிஎஸ்ஏ 20-க்கு மேல், கிளீசன் 8 அல்லது அதற்கு மேல், கட்டி சுரப்பியின் உறையைத் தாண்டியிருப்பது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே 'ஹை ரிஸ்க்' என்பார்கள். அப்பாவுக்கு மூன்றுமே இருந்தன.

முதலில் பார்த்த டாக்டர் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். "வயசாயிடுச்சு, சின்ன ஆபரேஷன்ல விதையை எடுத்துட்டா போதும், அடங்கிடும்" என்றார். மகள் நான் பக்கத்தில் நிற்கிறேன். அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. அது தவறான வைத்தியம் இல்லை. இந்தப் புற்றுநோய் விதையில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கொண்டுதான் வளர்கிறது, அதை நிறுத்தினால் சுருங்கும். ஆனால் நோய் வெளியே பரவியிருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், இனி அடக்கி வைப்பதுதான் வழி என்று அவர் முடிவு கட்டியதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

சென்னைக்குப் போய், இந்தப் புற்றுநோய் உடம்பில் வேறெங்காவது பரவியிருக்கிறதா என்று காட்டும் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் எடுத்தோம். நிணநீர்க் கணுக்களிலும் எலும்பிலும் எதுவும் இல்லை. ஹை ரிஸ்க் என்பது வேறு, பரவிவிட்டது என்பது வேறு என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். அப்பாவின் நோயைக் குணப்படுத்த முயற்சி செய்யலாம்.

அதன்பிறகு யூராலஜி சர்ஜன் ஒருவரையும் ரேடியேஷன் டாக்டர் ஒருவரையும் தனித்தனியாகப் பார்த்தோம். ஒருவரை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன். இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "இதோட முடிஞ்சிடுமா, அப்புறம் இன்னொண்ணும் தேவைப்படுமா?"

சர்ஜன் ஒளிக்காமல் பேசினார். சுரப்பியையும் சுற்றியுள்ள கணுக்களையும் எடுத்துவிடலாம், ஒன்றிரண்டு வாரம் சிறுநீர் வடிய கதீட்டர் குழாய் இருக்கும், சில மாதம் சிறுநீர் கசியும் என்றார். ஆனால் உறையைத் தாண்டியிருப்பதால் பின்னால் ரேடியேஷனும் தேவைப்பட நிறைய வாய்ப்பு உண்டு என்றார். ஆபரேஷனுக்குப் பின் ரேடியேஷன் கொடுக்கலாம், ரேடியேஷனுக்குப் பின் ஆபரேஷன் செய்வது கஷ்டம் என்பதையும் அவரே சொன்னார். அந்த ஒன்றுக்காகவே நான் ஆபரேஷன் பக்கம் சாய்ந்தேன்.

ரேடியேஷன் டாக்டர் சொன்ன திட்டம் 20 முறை ரேடியேஷன், கூடவே டெஸ்டோஸ்டிரோனை அடக்க இரண்டு வருஷம் ஹார்மோன் ஊசி. ஊசி மட்டும் போதாதா என்று கேட்டேன். 2009-இல் வெளிவந்த ஸ்காண்டிநேவிய ஆய்வைச் சொன்னார். ஹார்மோன் சிகிச்சை மட்டும் எடுத்தவர்களில் பத்து வருஷத்தில் இந்த நோயால் இறந்தவர்கள் 23.9 சதவீதம், ரேடியேஷனும் சேர்த்து எடுத்தவர்களில் 11.9 சதவீதம். முதல் டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போயிருந்தால் என்ற நினைப்பில் எனக்குக் கை நடுங்கியது.

டெஸ்டோஸ்டிரோனை இன்னும் அடக்கும் அபிராடிரோன் மாத்திரையையும் சேர்க்கலாமா என்ற பேச்சு வந்தது. அப்பா மாதிரி நிலையில் இருப்பவர்களுக்கு அதனால் பலன் உண்டு என்று 2022-இல் வந்த ஆய்வு காட்டியிருக்கிறது. அதோடு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டும் எடுக்க வேண்டும், சர்க்கரை ஏறும், பிரஷரும் ஏறலாம். சர்க்கரை டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஒத்துக்கொண்டோம்.

ஆனால் இதையெல்லாம் நானே பேசிக்கொண்டிருந்தேன். அம்மாதான் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். "அவருக்கு உன் முன்னாடி கேக்க முடியாதது இருக்கும்டி." இருபது நிமிஷம் கழித்து அப்பா வெளியே வந்து, "ரேடியேஷனே பண்ணிக்கலாம்மா" என்றார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஊசி போட்டதும் முதலில் ஹார்மோன் கொஞ்சம் ஏறிவிட்டுத்தான் இறங்குமாம். அது கட்டியைத் தூண்டாமல் தடுக்க முன்கூட்டியே பைகாலுடமைடு மாத்திரை கொடுத்தார்கள். சில மாதம் கழித்து ரேடியேஷன். தினமும் மலம் கழித்திருக்க வேண்டும், சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் குடலும் பையும் கதிரின் வழியிலிருந்து விலகி நிற்கும். அப்பா ஒரு பாட்டிலில் அரை லிட்டர் அளவில் நூல் கட்டி வைத்திருந்தார். அந்த நூல் வரை குடித்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அடக்க முடியாமல் போய்விட்டது. மறுபடி குடித்து, மறுபடி காத்திருந்தார்.

ரேடியேஷனைவிட ஊசிதான் அவரைப் படுத்தியது. மார்கழி விடியற்காலையில் எழுந்து ஃபேனைப் போடுவார், பனியன் நனைந்திருக்கும். என்னவென்று புரியாமல் பயந்துபோனார். அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

"எனக்கு நாப்பத்தெட்டு வயசுல வந்துச்சே, அதேதாங்க இது."

"அப்போ நான் ஒரு வார்த்தைகூடக் கேக்கலையே" என்றார் அப்பா.

எலும்பு தேயாமல் இருக்கக் கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் எடுக்கிறார். தசை கரையாமல் இருக்க மாடிப்படி ஏறி இறங்குகிறார். போன மாதம் பிஎஸ்ஏ 0.1-க்கும் கீழே வந்துவிட்டது. ஊசி போடும்வரை அது குறைவாகத்தான் காட்டும், நிறுத்தி டெஸ்டோஸ்டிரோன் திரும்பிய பிறகு பார்ப்பதுதான் கணக்கு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒன்று வீதம் இன்னும் மூன்று ஊசி பாக்கி.