19-ஆம் கேசட்டில் கலர் வந்தாச்சு

மூன்று வாரமாகக் கறுப்பு வெள்ளையிலேயே அடம்பிடித்த 19-ஆம் கேசட் நேற்று ராத்திரி கலரில் ஓடிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டும் அளவுக்குக் கத்தியிருக்கிறேன்.

ஃப்ராங்ஃபர்ட் பக்கத்து அமெரிக்கன் ஃபுட்பால் கிளப் ஒன்று ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது குப்பைக்குப் போகவிருந்த 31 விஎச்எஸ் வீடியோ கேசட்டுகள் இவை; ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் பையன்கள் ஆடியது. பெரியவர்கள் ஆட்டத்துக்குப் பதிவு உண்டு; 1979-இல் நடந்த முதல் ஜெர்மன் பௌலில் (நாட்டின் சாம்பியன் இறுதியாட்டம்) ஃப்ராங்ஃபர்ட் லோவன் 14-8 என்று ஆன்ஸ்பாக் கிரிஸ்லிஸை ஜெயித்தது வரை யாரும் சொல்வார்கள். பையன்கள் ஆட்டத்துக்கு எவனோ ஒருத்தன் அப்பா கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால்தான் உண்டு. டூசல்டார்ஃப் பாந்தர் கிளப்பில் 14 வயதில் தொடங்கிய செபாஸ்டியன் ஃபோல்மர் பின்னால் அமெரிக்காவின் பேட்ரியட்ஸ் அணியோடு இரண்டு சூப்பர் பௌல் ஜெயிப்பார் என்று அன்றைக்கு எந்த அப்பாவுக்குத் தெரியும்?

சரி, 19-க்கு வருகிறேன். பூஞ்சை இல்லை, நாடாவில் மடிப்பு இல்லை, ஹெட்டை இரண்டு தடவை துடைத்தாயிற்று. ஆனாலும் கலர் மட்டும் வரவில்லை. விஷயம் இதுதான்: படம் எடுத்தவர் அமெரிக்கப் படைத்தளத்து ஆள். அவர் கேமரா என்டிஎஸ்சி, அதாவது அமெரிக்க வீடியோ முறை. மற்ற முப்பதும் ஜெர்மனியில் புழங்கிய பால் (PAL) முறை (குடிக்கிற பால் இல்லை). என் டெக் (கேசட் ஓட்டும் பெட்டி) முகப்பில் 'என்டிஎஸ்சி ஓடும்' என்று போட்டிருந்ததை நம்பிவிட்டேன். ஓடும்தான். ஆனால் வெளியே அனுப்புவது அசல் என்டிஎஸ்சி இல்லை. நொடிக்கு 60 ஃபீல்டு (ஒன்றுவிட்டு ஒன்றான வரிகள் மட்டும் கொண்ட அரை ஃப்ரேம்), கலர் மட்டும் பால் முறையில். பழைய டிவி அதை ஏற்றுக்கொண்டு கலரில் காட்டும். வீடியோவைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றும் கேப்சர் பெட்டிக்கு அந்தக் கலவை பிடிபடாது, கலரை உதறிவிடும். இரண்டு கேபிள், ஒரு புது கேப்சர் பெட்டி வாங்கிய பிறகுதான் இது மண்டையில் ஏறியது.

கடைசியில் அமெரிக்க டெக் ஒன்றே வாங்கினேன். விற்றவர் 'சர்வீஸ் செய்தது' என்றார். திறந்தால் நாடாவை அழுத்தி நகர்த்தும் பிஞ்ச் ரோலர் கண்ணாடி மாதிரி வழுக்குகிறது. அதையும் மாற்றி, 230 வோல்ட்டை இறக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் வைத்து... கணக்கை வீட்டில் இன்னும் காட்டவில்லை.

ஒரு வேண்டுகோள்: டீஇன்டர்லேஸ் (ஃபீல்டுகளை முழு ஃப்ரேமாக்குவது) செய்து சேமித்துவிட்டு கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். 5-ஆம் கேசட்டின் ஆட்டம் என்னிடம் யாரோ அப்படிப் போட்ட டிவிடியாகவும் இருக்கிறது. நொடிக்கு 50 ஃபீல்டில் பாதி போய்விட்டது. ஆட்டத்தைத் தொடங்கப் பந்தைப் பின்னால் கொடுக்கும் ஸ்னாப்பில் பந்து சென்டர் கையில் இருக்கிறது, அடுத்த ஃப்ரேமில் குவார்ட்டர்பேக் கையில். நடுவில் எதுவும் இல்லை.

அடுத்து 22. பாதியில் யாரோ டிவி நிகழ்ச்சியை மேலேயே பதிந்திருக்கிறார்கள். திட்டத்தான் தோன்றியது, ஆனால் அந்த ஒளிபரப்போடு டெலிடெக்ஸ்ட் (படத்தோடு மறைவாக வரும் எழுத்துப் பக்கங்கள்) வரிகளும் பதிந்திருக்கும். தேதி இருக்கும் தலைப்பு வரியை மீட்டால் அந்த ஆட்டம் எந்தத் தேதிக்கு முந்தையது என்றாவது தெரியும். முயற்சி பிறகு, 19-க்கே இன்னும் பெயர்ப்பட்டியல் போடவில்லை.

19-இன் லேபிளில் '10/9/88'. ஜெர்மன் கணக்கில் செப்டம்பர் 10, சனிக்கிழமை. அமெரிக்கக் கணக்கில் அக்டோபர் 9, ஞாயிறு. இரண்டு நாளும் ஆட்டம் வைக்கத் தோதானதுதான், அதனால் ஒரு மாதமாகக் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தேன். நேற்று கலர் வந்ததும் பார்த்தால், மைதானக் கோடியில் எண்ட் ஸோனுக்குப் பின்னால் மரமெல்லாம் மஞ்சள். கேசட் பட்டியலில் அக்டோபர் என்று எழுதிவிட்டேன், பென்சிலில்.