அப்பாவின் கண்ணும் தோளில் இருந்த செல் துண்டும்

விசுவமடுவில் எங்கள் வீட்டில் இதை முதலில் கவனித்தவர் அம்மா. காலையில் நன்றாகத் திறந்திருக்கும் அப்பாவின் இடது இமை, பின்னேரம் அவர் வயலால் திரும்பும்போது பாதிக் கண்ணை மூடியிருக்கும். சில வாரங்களில் வரம்பு இரண்டாகத் தெரிகிறது என்றார். வயதுக் கோளாறு என்று கண்ணாடி மாற்றினோம். "ஒரு கண்ணைப் பொத்தினால் ஒன்றாகத்தான் தெரிகிறது" என்று அவர் சொன்னதை நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நரம்பியல் வைத்தியர் அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டார். கையுறைக்குள் ஐஸ் கட்டியைப் போட்டு, மூடிய இமையின் மேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்தபோது இமை மேலே ஏறியிருந்தது. மயஸ்தீனியா கிராவிஸாக இருக்கலாம் என்றார். நரம்பின் கட்டளையைத் தசை வாங்கும் இடத்தை உடலின் எதிர்ப்புச் சக்தியே அடைத்துவிடும் நோய் அது. ஆனால் அதைத் தேடிச் செய்த இரத்தப் பரிசோதனை சுத்தமாக வந்தது. கண்ணோடு நிற்கும் வகையில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அப்படித்தான் வருமாம். வேறு நோய்களை விலக்க, பலத்த காந்தத்தால் உடலுக்குள் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கானை மூளைக்கும் கண்குழிக்கும் எடுக்கச் சொன்னார்.

விடியப் பஸ் ஏறி, பரந்தன், ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் போனோம். உடலில் உலோகம் உண்டா என்று படிவத்தில் கேட்டிருந்தது. இதயக் கருவியைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். உடுப்பு மாற்றும்போது தோளில் இருந்த தழும்பைப் பார்த்த ஊழியர், "ஐயா, இது என்ன காயம்?" என்றார்.

"2009 போரில் செல் வெடித்துப் பட்டது. துண்டு உள்ளேதான் கிடக்கிறது."

அன்றைக்கு ஸ்கான் நடக்கவில்லை. பிழை என்னுடையது. அந்தக் காந்தத்துக்கு முன்னால், கண்ணுக்குள் இரும்புத் துகள் ஒன்று இருந்து அசைந்தால் பார்வையே போய்விடக்கூடும். கண்குழிக்கும் தோளுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். கண்ணில் ஒன்றும் இல்லை. தோளில் மட்டும் உளுந்தளவு வெள்ளைப் பொட்டு. இரத்தக் குழாய்களுக்கு எட்டத்தில், தசைக்குள் இறுகிப்போயிருக்கிறது என்று பார்த்த பிறகே கதிரியல் நிபுணர் சம்மதித்தார். தோள் சுட்டாலோ இழுத்தாலோ உடனே அமுக்கும்படி அப்பாவின் கையில் ஒரு பந்து கொடுத்தார்கள்.

கண் அசைந்தால் படம் கலங்கிவிடும். "ஒரு புள்ளியையே பாருங்கள்" என்றபோது அப்பா, "எனக்கு இரண்டு தெரிகிறதே, எதைப் பார்க்க?" என்று கேட்டார். கண்ணை மூடி, நேரே இருக்கும் ஒன்றை நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். முற்றத்து வேம்பை நினைத்துக்கொண்டு கிடந்தாராம்.

படத்தை வைத்தியர் எங்களுக்கு விளக்கினார். கண்ணை ஆட்டும் தசைகள் ஆறு. இமையைத் தூக்க வேறொன்று. தைரொய்ட் நோயில் அவை தடிக்கக்கூடும். சில பரம்பரை நோய்களில் மெலியும். மயஸ்தீனியாவும் நெடுங்காலம் மருந்துக்கு அடங்காமல் கிடந்தால், தசை மெலிந்து அதற்குள் கொழுப்பு ஏறக்கூடும். பிறகு இழந்த அசைவை மீட்பது கடினம். கொழுப்பையும் நீரையும் பிரித்துக் காட்டும் படங்களில் அதைப் பார்க்கலாம். அப்பாவின் தசைகள் இரு பக்கமும் ஒரே பருமனில், கொழுப்பில்லாமல் இருந்தன. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

நரம்பின் கட்டளை தசைக்குச் சேர உதவும் பைரிடொஸ்டிக்மின் என்ற மருந்தை அப்பா எடுக்கத் தொடங்கியிருக்கிறார். முதல் வாரம் வயிறு முறுக்கியது. சாப்பாட்டோடு எடுக்கத் தொடங்கியபின் குறைந்தது. அந்த எக்ஸ்ரே படம் இப்போது கிளினிக் கொப்பியோடு ஒரே பையில் இருக்கிறது. பக்கத்து வளவு மாமிக்கு முழங்காலில் ஸ்கான் எழுதியிருக்கிறார்கள். அவருக்குக் காலில் மூன்று துண்டுகள். திங்கட்கிழமை அவரை முதலில் எக்ஸ்ரேக்குக் கூட்டிப்போகிறேன்.