180 வயது நோயாளி

விடியற்காலை நாலு மணி. மருத்துவ மேற்படிப்பு, அதாவது பி.ஜி., படிக்கும் நான் கேஷுவாலிட்டியில் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தேன். வயது எழுத வேண்டிய இடத்தில் பிபியை எழுதிவிட்டேன். 180 வயது!

ஃபைனல் இயர் அக்கா பார்த்தார். திட்டவில்லை. என் கையிலிருந்த போனை வாங்கித் தன் கோட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"வார்டு கால் எல்லாம் நான் எடுத்துக்கிறேன். நீ போய் ஒரு மணி நேரம் படு."

அவருக்கும் அது ட்யூட்டியில் இருபத்திரண்டாவது மணி நேரம்.

ட்யூட்டி ரூமில் ஒரே கட்டில், அதிலும் யாரோ. தரையில் பெட்ஷீட் விரித்துப் படுத்தேன். எழுந்தபோது தலைமாட்டில் ஃபிளாஸ்கில் டீ. சிஸ்டர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பி.ஜி. டாக்டர்களுக்கு வாரம் 48 மணி நேர வேலை என்று மத்திய அரசு 1992-லேயே சொல்லிவிட்டது. 2023 விதிமுறையில் வார விடுமுறையும் உண்டு, 'வேலை நெருக்கடியைப் பொறுத்து' என்ற வாலோடு. எங்களுக்கு அந்த வாலை மட்டும்தான் தெரியும். மன அழுத்தம் பற்றி வகுப்பு எடுக்கிறார்கள், சரி. அதையும் நைட் ட்யூட்டி முடிந்து போகிற நேரத்தில்தான் வைப்பார்கள்.

அடுத்த வருஷம் நான் ஃபைனல் இயர். புது கோட் தைக்கக் கொடுத்திருக்கிறேன். பாக்கெட் மட்டும் கொஞ்சம் பெரிதாக.